புனைபெயரில் எழுதியவரின் வீட்டு விலாசம் வெளியானால்: ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

வாசகிக்கு வயது 34. கோவை வட்டாரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கணவர், பள்ளிக்குப் போகும் மகன். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) தமிழில் நடக்கும் ஒரு தொழில்நுட்ப விவாதக் குழுவில் சில ஆண்டுகளாகப் புனைபெயரில் எழுதி வருகிறார். எந்தச் செயலி எதற்காக நம் தொடர்பு எண்களைக் கேட்கிறது, பழைய கைபேசியை விற்கும் முன் என்னென்ன அழிக்க வேண்டும் என்பது போன்ற விஷயங்கள்.

சண்டை தொடங்கியது அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாயிற்கதவில். உள்ளே வருபவர்களைப் பதிவு செய்ய ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். விருந்தாளி என்றால் பெயரும் எண்ணும் போதும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு மட்டும் முகத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தினமும் கேமராவில் முகம் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று ஏற்பாடு. "எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மழையில் நனைந்தபடி, தலையில் போட்ட துண்டை எடுத்துவிட்டு, மூன்று தடவை கேமரா முன் நின்றார். பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு விருந்தாளியை வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டார்" என்று குழுவில் எழுதியிருக்கிறார். அங்கே மூத்தவர் என்று மதிக்கப்படும் ஒருவர், "மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?" என்று கேட்டார். வாக்குவாதம் முற்றியது. ஒரு கட்டத்தில் இவர், "செயலிக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறீர்கள்" என்று போட்டுவிட்டார்.

சில நாளில் அந்த மனிதர் இவருடைய உண்மைப் பெயர், வேலை செய்யும் நிறுவனம், குடியிருப்பின் பெயர், கைபேசி எண், ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே பதிவில் வெளியிட்டு, "முகமூடி கழன்றது" என்று தலைப்புக் கொடுத்தார். எண் கிடைத்தது பழைய ஸ்கூட்டரை விற்க இவர் எப்போதோ கொடுத்த இணைய விளம்பரத்தில்; அங்கேயும் இதே புனைபெயரைத்தான் பயனர் பெயராக வைத்திருந்தாராம். குடியிருப்பு தெரிந்தது புதிதாக வாங்கிய கீபோர்டின் படத்தில். மேசைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் குடியிருப்பின் பெயர்.

அன்றிலிருந்து நள்ளிரவு அழைப்புகள், ஆபாசக் குறுஞ்செய்திகள். "வீடு தெரியும், பையன் எந்த ஸ்கூல்னும் தெரியும்" என்று தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. இவர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் யாரோ மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். கணவர், "ஒளிந்து எழுதுவானேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இரு" என்கிறார். தம்பி, "அந்த ஆளின் ஜாதகத்தையே நெட்டில் போடுகிறேன்" என்று நிற்கிறார். வெளியிட்டவரோ, "எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் இருந்ததுதான். போலீசுக்குப் போனால் உன் மேல்தான் 66ஏ கேஸ்" என்று மிரட்டுகிறார். புனைபெயரில் எழுதியது தவறா, புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா, கணக்கை அழித்துவிடலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், எதையும் அழிக்காதீர்கள். உங்கள் பதிவுகள், அவருடைய பதிவு, வந்த குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மற்றவற்றைப் பிறகு பேசலாம். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது, நான்கு இடங்களில் நீங்களே "என் தப்புதான்" என்று எழுதியிருப்பது. ஸ்கூட்டர் விற்க விளம்பரம் கொடுத்ததும், மேசையைப் படம் எடுத்ததும் தப்பில்லை. அவற்றைத் தேடிப் பிடித்து, ஒரு பெண்ணின் வீட்டு வாசலைக் கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்குக் காட்டியதுதான் தப்பு. அதைச் செய்தவர் நீங்கள் இல்லை.

புனைபெயர் குற்றமா?

இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66டி பிரிவு ஆள்மாறாட்டத்தைத் தண்டிக்கிறது. ஆனால் அதற்கு ஏமாற்று வேலையும் சேர்ந்திருக்க வேண்டும். வேறொரு உண்மையான மனிதராக நடித்து யாரையாவது மோசம் செய்தால் குற்றம். நீங்களாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு கருத்து எழுதினால் அது உங்கள் பேச்சுரிமைக்குள் வருகிறது. புனைபெயர்களை எடுத்துவிட்டால் நம் நவீன இலக்கியத்தில் பாதி அட்டைகளில் பெயரே இருக்காது.

இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்தது, அவர் சொல்லி மிரட்டும் 66ஏ பிரிவு. அது இன்று செல்லாது. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் சில மாநிலங்களில் காவல் துறை அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்து வந்ததால், யாரையும் அதன்கீழ் வழக்கில் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. செத்த பிரிவைச் சொல்லிப் பயமுறுத்துபவருக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புனைபெயர் உங்களுக்கு உரிமை. அது பூட்டு ஆகாது. நீதிமன்றம் உத்தரவிட்டாலோ, குற்ற விசாரணையில் காவல் துறை முறைப்படி கேட்டாலோ, தளங்கள் பயனரின் விவரத்தைத் தர வேண்டியிருக்கும். சட்டத்துக்கு வெளியேயும் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கணினி அறிஞர் அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து செய்த ஆய்வு இதில் பேர்போனது. நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் பெயர்களை நீக்கிவிட்டு வாடிக்கையாளர்களின் படமதிப்பீடுகளை வெளியிட்டது. வேறொரு தளத்தில் சிலர் சொந்தப் பெயரில் எழுதியிருந்த மதிப்பீடுகளோடு ஒப்பிட்டே, பெயர் நீக்கிய பட்டியலில் அவர்கள் யார் என்று கண்டுபிடிக்கலாம் என இவர்கள் காட்டினார்கள். 2012-இல் நாராயணனும் வேறு சிலரும் சுமார் 1 லட்சம் வலைப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, எழுத்து நடையை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயன்றபோது 20 சதவீதத்துக்கும் மேல் சரியாக வந்தது. ஆகவே "எப்படிக் கண்டுபிடித்தார், என் கைபேசிக்குள் புகுந்துவிட்டாரா" என்று பதற வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவர் எதற்குள்ளும் புகவில்லை. அதே பயனர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் இருந்ததுதானே?"

இந்த வாதத்தை நீங்களும் பாதி நம்பிவிட்டதாகத் தெரிகிறது. கோலத்துக்குப் புள்ளிகள் வாசலில் கிடக்கலாம். கோடு இழுத்து உருவம் கொண்டுவந்தது அவர். ஸ்கூட்டர் வாங்க வந்தவருக்கு உங்கள் எண் தெரிந்தது, ஆனால் உங்கள் கருத்து தெரியாது. குழுவில் இருப்பவர்களுக்குக் கருத்து தெரிந்தது, வீடு தெரியாது. இரண்டையும் சேர்த்து, "முகமூடி கழன்றது" என்று தலைப்பும் கொடுத்தபோது, அதுவரை எங்கும் இல்லாத ஓர் ஆபத்தான தகவல் புதிதாக உண்டானது.

சட்டம் என்ன சொல்கிறது? இதில் நமக்கு வழிகாட்டும் பழைய தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்கலாமா என்ற கேள்வியில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்குத் தீர்ப்பை வழங்கியது. தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம் போன்றவை பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ. மீறினால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார்கள் என்று அத்தீர்ப்பு சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்பதால் இதழுக்கும் அந்த அளவுக்கு அனுமதி கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த பின் இந்த வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது.

உங்களுக்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம். அதே ராஜகோபால் தீர்ப்பு, தானாக ஒரு சர்ச்சைக்குள் இறங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு வேறு மாதிரி அமையலாம் என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைத்தான் முதலில் எடுப்பார். என் பதில்: சர்ச்சை வாயிற்கதவுச் செயலியைப் பற்றியது. உங்கள் கைபேசி எண்ணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அந்தச் சர்ச்சையில் எந்த வேலையும் இல்லை. கருத்துக்குப் பதில் சொல்ல விலாசம் தேவைப்படவில்லை. இந்த வாதம் நிற்கும் என்று நம்புகிறேன். வெற்றி நிச்சயம் என்று மட்டும் எந்த வழக்கறிஞர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புதிய தரவுச் சட்டம் உங்கள் கையில் உள்ள ஆயுதம் ஆகாது

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மேல் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். அந்த எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. குடிமக்களுக்கான உரிமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதைவிட முக்கியம், ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் ஸ்கூட்டர் விளம்பரம் அந்த ஓட்டையில் விழுகிறது. தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்காகத் தரவைக் கையாள்வதும் சட்டத்துக்கு வெளியே. அவர் செய்தது சொந்தக் காரியமா என்று வாதாடவே காலம் போகும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது நிறுவனங்களை நோக்கிய தொகை. விதிக்கப்பட்டாலும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு பைசா வராது. நஷ்டஈடு வேண்டும் என்றால் வழி உரிமையியல் நீதிமன்றம்தான்.

அந்தச் சட்டம் யாருக்கு உதவும் தெரியுமா? உங்கள் வீட்டுக்கு வரும் அந்த அக்காவுக்கு. சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விஷயம் தெரிந்தும், நிபந்தனையின்றியும் தரப்பட்டிருக்க வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. முகம் தராவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் வாங்கிய சம்மதத்தைச் சுதந்திரமானது என்று எப்படிச் சொல்வது? அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை நாள் இருக்கும், வேலையை விட்டுப் போனால் அழிப்பார்களா என்று குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். குழுவில் நீங்கள் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. இந்த ரகளையில் அது காணாமல் போகக் கூடாது.

குற்றவியல் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இன்னொருவரின் விலாசத்தை இணையத்தில் வெளியிடுவது என்று தனியாக ஒரு குற்றம் நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆகவே நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

"பையன் எந்த ஸ்கூல்னும் தெரியும்" என்ற செய்திதான் உங்கள் புகாரின் முதுகெலும்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் அது குற்றவியல் மிரட்டல். யார் என்று தெரியாதபடி மறைந்துகொண்டு மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆபாசச் செய்திகளுக்கு 79-ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும். திரும்பத் திரும்ப அழைப்பவர்களுக்கு 78-ஆம் பிரிவு: விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் தொடர்ந்து தொடர்பு கொள்வதும், பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பின்தொடர்தல் குற்றம். "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்ற நிபந்தனைக்காக, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு தடவை, "என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். அதற்குமேல் ஒரு எழுத்துகூட வேண்டாம். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உங்கள் பழைய பதிவுகளை எல்லாம் தோண்டியவரையே கண்காணித்தவர் என்று சொல்ல முடியுமா என்றால், வாதிடலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் குறிப்பிட்ட 66இ பிரிவு, உடலின் மறைவான பாகங்களைப் படமெடுப்பது பற்றியது. உங்கள் சாதாரணப் புகைப்படத்துக்கு அது பொருந்தாது. புகாரில் அதைச் சேர்க்காதீர்கள். பொருந்தாத பிரிவு ஒன்று இருந்தால், பொருந்தும் பிரிவுகளையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது வெட்டாதீர்கள். இணைய முகவரி, தேதி, நேரம், எழுதியவரின் பயனர் பெயர் எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். பதிவை மேலிருந்து கீழ்வரை உருட்டிக் காட்டும் திரைப்பதிவு வீடியோ ஒன்றும் எடுத்து வையுங்கள். எடுத்த கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும்: ஒரு பகுதி நீங்கள், இன்னொரு பகுதி நிபுணர். கோப்பு மாறவில்லை என்பதற்கான ஹேஷ் எண் அதில் இருக்கும். மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு ஹேஷ் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது தளத்துக்குப் புகார். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, விதிகளில் உள்ள கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், கட்டணம் இல்லை. கூகுள் தேடலில் உங்கள் எண்ணும் விலாசமும் வருவதை நீக்கக் கோரும் படிவத்தையும் நிரப்புங்கள். அது தேடல் முடிவை மட்டும் நீக்கும். மூலப் பதிவு அங்கேயேதான் இருக்கும் என்பதால் இரண்டையும் செய்ய வேண்டும். பழைய விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு நீக்கச் சொல்லுங்கள்.

பிறகு காவல் துறை. 1930-க்கு அழைத்து யாரும் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் பதிந்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணோடு உங்கள் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. மேலே சொன்ன 78, 79 பிரிவுகளில் ஒரு பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்; தயங்காமல் கேளுங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகும் அசையவில்லை என்றால் உயர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கடுத்து மாஜிஸ்திரேட்டிடம் மனு.

பள்ளிக்குப் போய், நீங்களும் கணவரும் தவிர யார் வந்தாலும் மகனை அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இதை நாளைக்கே செய்யுங்கள்.

அலுவலகம் பற்றி: அவர்கள் உங்களைக் கூப்பிடும் வரை காத்திருக்காதீர்கள். "என் அந்தரங்கத் தகவல் வெளியிடப்பட்டு மிரட்டல் வருகிறது, புகார் கொடுத்திருக்கிறேன், நிறுவனத்தின் பெயரையோ உள்விவகாரங்களையோ நான் எங்கும் எழுதியதில்லை" என்று நாலு வரி மனிதவளப் பிரிவுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். கடைசி வாக்கியம் உண்மைதானா என்று உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நிறுவனத்தின் சமூக ஊடகக் கொள்கையையும் ஒருமுறை படியுங்கள். அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகள் குறுக்கே வரும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தம்பிக்கும் கணவருக்கும்

தம்பியை உடனே நிறுத்துங்கள். அந்த மனிதரின் விலாசத்தை அவர் வெளியிட்டால், நாளை உங்கள் புகார் மேசைக்கு வரும்போது எதிர்ப்புகாரும் கூடவே வரும். விசாரணை அதிகாரி "இரு தரப்புத் தகராறு" என்று இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி வைப்பார். ஆள் மாறிப்போய் வேறு யாருடைய வீட்டையாவது காட்டிவிட்டால் உங்கள் தம்பி குற்றவாளி. அக்காவுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்றால், பழைய அழைப்புகளைத் தேதிவாரியாக எழுதி அட்டவணை போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் வழக்கறிஞருக்கு அது மிகவும் பயன்படும்.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குடும்பத்தின் மேல் உள்ள பயத்தில் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதும் உங்களைக் காட்டிக்கொடுத்தவர் சொல்வதும் ஒரே பழமொழியில் வந்து நிற்கின்றன. மடியில் கனமில்லாதவரும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுகிறார். சம்பளச் சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் யாரும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில்லை. இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. இருந்தாலும் காட்ட மாட்டோம். யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமை நம்மிடம் இருப்பதுதான் அந்தரங்கம்.

"எல்லாரும் சொந்தப் பெயரில் எழுதினால் இணையம் நாகரிகமாகிவிடும்" என்றும் உங்கள் கணவர் சொல்கிறாராம். இதைத் தென் கொரியா செய்து பார்த்தது. 2007-இல், தினமும் ஏராளமானவர்கள் வரும் பெரிய தளங்களில் உண்மை அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே எழுதலாம் என்று சட்டம் வந்தது. அதற்காகத் தளங்கள் கோடிக்கணக்கானவர்களின் அடையாள விவரங்களைச் சேர்த்து வைத்தன. 2011-இல் ஒரு பெரிய தளத்தில் ஹேக்கர்கள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் தகவல்களை அள்ளிச் சென்றார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 5 கோடி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. இதைக் கணவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு பலவீனம்

"காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறீர்கள்" என்று நீங்கள் எழுதியதற்கு ஆதாரம் இருக்கிறதா? கடிதத்தில் இல்லை. அப்படியானால் அது அவதூறு என்று அவர் வழக்குப் போட இடம் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, அல்லது ஓராண்டுக்குள் உரிமையியல் வழக்கு. அவர் செய்ததற்கு இது எந்த வகையிலும் சமாதானம் ஆகாது. ஆனாலும், படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகு, "ஆதாரமின்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுதும் முன் அந்த வரியை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். செயலி பற்றிய உங்கள் கருத்தில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற வேண்டாம்.

கணக்கை அழிப்பதா வேண்டாமா என்பது புகார் நடவடிக்கை ஒரு கட்டத்துக்கு வந்த பிறகு நீங்கள் அமைதியாக எடுக்க வேண்டிய முடிவு. மறுபடியும் எழுத வந்தால் வேறு பெயர், அதற்கென்று தனி மின்னஞ்சல், அந்தப் பெயர் வேறெங்கும் இருக்கக் கூடாது. படங்களைப் போடும் முன் ஜன்னலையும் கண்ணாடியையும் பாருங்கள். படத்தை ஆவணக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். ஓய்வெடுத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் சரிதான்.

நீதிமன்றத்துக்குப் போனால் தீர்ப்பில் என் பெயர் இணையத்தில் என்றைக்கும் நிற்காதா என்ற உங்கள் பயம் நியாயமானது. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, விடுதலையான ஒருவரின் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே தீர்ப்பு வந்த பிறகு பெயரை நீக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். மனுத் தாக்கல் செய்யும்போதே பெயரையும் விலாசத்தையும் மறைத்து நடத்த அனுமதி கேட்கும் துணை மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வசதி இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அங்கே போகும்போது தம்பி போட்டுத் தரும் அட்டவணையும் சி.எஸ்.ஆர். ரசீதும் கையில் இருக்கட்டும்.